நடுவில் வாசித்தவள்

அந்த வீட்டில் ஒரு சொல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டுமென்றால் அவள் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். பெரியவன் அடுப்படியில் நிற்பான். சின்னவன் குளியலறைக்குள் இருப்பான். இடையில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு நடை, அவ்வளவுதான். முனகினாலே கேட்கும். ஆனால் முனக மாட்டார்கள்.

“அந்த நாய்கிட்ட சொல்லு, உள்ள போய் எத்தனை நேரமாச்சுன்னு. நான் கடை திறக்க வேணாமா?” என்பான் பெரியவன்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டுவாள். “தம்பி, அண்ணனுக்கு நேரமாகுதாம். கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?”

“அந்தப் பொணத்துகிட்ட சொல்லுக்கா, கடை எங்கயும் ஓடிப்போயிடாது.”

திரும்பி வருவாள். “இதோ வந்துட்டானாம்ணா.”

நாயும் பிணமும் அவள் காதில் நுழைந்து அண்ணனும் தம்பியுமாக வாயிலிருந்து வெளியே வரும். அதற்குள் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடித்து முடித்து வேலைக்கு ஓடுவாள்.

“நீ ஒருத்தி நடுவுல இருக்கிறதாலதான் இது குடும்பமா இருக்கு” என்பாள் அம்மா, தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே. அம்மாவுக்குப் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. பெரியவன், நடுவுள்ளது, சின்னவன். ஊரும் அப்படியே கூப்பிட்டது. நடுவுள்ளவள் என்பது பெயராகவும் ஆயிற்று, உத்தியோகமாகவும் ஆயிற்று.

அண்ணன் தம்பி பேசாமல் போனதற்குக் காரணம் உப்புப் பெறாத காரணமல்ல. மூவரும் ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். ப்ளூஸ் ராக். பெரியவன் டிரம்ஸ், சின்னவன் கிட்டாரும் பாட்டும், இவள் பாஸ் கிட்டார். ஒரு ஹோட்டல் ஹாலில் வாசித்துக்கொண்டிருந்த நாளில், இடைவேளையில் சின்னவனுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார். சின்னவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா செத்த சேதி சட்டைப்பையில் இருக்க, கூட்டம் கேட்டதென்று கூடுதலாக வேறு பாடினான். டிரம்ஸைக் கழற்றி மூட்டை கட்டும்போதுதான் பெரியவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

இவளுக்கும் அதே அப்பாதான், இவளிடமும்தான் மறைத்தான். ஆனால் இருந்த கோபத்தையெல்லாம் அந்த இருவரே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

அப்படியென்றால் பேண்டைக் கலைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. முதலில் விட்டுப்போகிறவன் தோற்றவன் என்று இருவருமே நினைத்தார்கள். அந்தப் பிடிவாதத்திலேயே இரண்டு ஆல்பம் போட்டார்கள். சொந்தக்காரர்கள்கூட முழுசாகக் கேட்கவில்லை. மூன்றாவதுக்கு ஆல்பம் வெளியிடும் கம்பெனி ஒப்புக்கொண்டபோதே சொல்லிவிட்டது, இதுவும் படுத்துவிட்டால் இனி எங்கள் வாசல் பக்கம் வராதீர்கள் என்று.

ஒலிப்பதிவு நடந்த இடம் முன்னாளில் மீன் வைக்கிற குளிர்கிடங்கு. சுவர் ஒரு முழம் கனம், கதவு அதைவிடக் கனம். வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. வாடகையும் மலிவு. ஒரே குறை, மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய மீன்கள் எல்லாம் எழுந்து வந்துவிடும். அந்த மாதம் மழை விட்ட பாடில்லை. மூவரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டே வாசித்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். மூவரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொன்னார்கள். அதிகம் வாய் திறக்காத மனிதர். கட்டை விரலைத் தூக்கினால் சரி, கவிழ்த்தால் மறுபடி. கட்டை விரலைத் தூக்கிக்கொண்டேதான் இருந்தார். ஒன்றுமே தப்பாகப் போகவில்லை.

போகாமல் பார்த்துக்கொண்டவள் இவள். சின்னவன் கை எப்போதும் முந்தும். தாளத்துக்குக் காத்திருக்கிற பொறுமை அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. பெரியவன் கை எப்போதும் பிந்தும். டயர்க் கடையில் ரிம்மிலிருந்து டயரை நெம்பி நெம்பிக் காய்த்துப்போன கை அது. நன்றாக ஓங்கி, யோசித்து, அப்புறம்தான் இறங்கும். இந்த முந்தலுக்கும் அந்தப் பிந்தலுக்கும் நட்டநடுவில் இவள் பாஸ் சுரத்தை வைப்பாள். வைத்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டது போல ஆகிவிடும். கேட்கிறவனுக்கு ஓட்டை தெரியாது. பாஸ் வாசிக்கிறவளைக் கூட்டத்தில் ஒருவனும் பார்ப்பதில்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் இந்த ஒரு சாமர்த்தியத்தில் அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. நான் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் ஒரு பாட்டைத் தாண்ட மாட்டார்கள் என்று.

பாட்டெல்லாம் முடிந்ததும் கம்பெனிக்காரர் வந்து கேட்டார். குடையை மடக்காமலே மூலையில் சாய்த்துவிட்டு, கோட்டோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் இருந்தது சின்னவன் எழுதிய பாட்டு. அதற்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அப்பா பாட்டு என்று சொல்லிக்கொண்டார்கள். அப்பாவைப் பற்றி அவன் பாடுவதா என்று பெரியவன் முதலில் வாசிக்கவே மறுத்தான். இவள்தான் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தாள்.

கம்பெனிக்காரர் கண்ணைத் திறந்தார். “தப்பில்ல” என்றார்.

எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தொடர்ந்தார்.

“ஒரு தப்பும் இல்ல. பல்லு விளக்கிட்டு, தலை சீவிட்டு வந்து நிக்கிற பிள்ளை மாதிரி இருக்கு. இதை எவன் காசு குடுத்துக் கேப்பான்? எனக்குத் தோணுது, டிரம்ஸ் பின்னால இழுக்குது. ஆளை மாத்திப் பாக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. நாளைக்கு வரச் சொல்றேன்.”

சின்னவன் முகத்தில் விளக்குப் போட்டது போலாயிற்று. “நான் இதை எப்பலேர்ந்து சொல்லிட்டிருக்கேன் தெரியுமா சார்” என்றான்.

பெரியவன் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றான். ஆனாலும் முகத்தைத் தங்கை பக்கம் திருப்பினான். “பாப்பா, அவன்கிட்ட கேளு. என்னை வெளிய தள்ளிட்டு இந்தப் பாட்டைப் பாடிடுவானான்னு.”

அவள் தம்பியைப் பார்த்து, “அண்ணன் என்ன சொல்லுதுன்னா, கொஞ்சம் யோசிச்சு முடிவு பண்ணலாம்னு” என்றாள்.

கம்பெனிக்காரர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் வேலை செய்யும் சலவைக் கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள். ஈரம் பாதி உலர்ந்த விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்து இழுத்து, சூடான உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் தகடு போல வரும். முகத்தில் ஆவி அடிக்கும். வெளியே மழைக்குளிர், உள்ளே வேர்த்து ஊற்றும். பெரியவன் வாசலில் வந்து நின்றான். கையெல்லாம் டயர்க் கரி. வெள்ளைத் துணி நிறைந்த இடம் என்பதால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு நாளும் இங்கே வந்தவனில்லை.

“ஒண்ணு கேக்கணும்” என்றான். “மறைக்காம சொல்லு. நான் இழுக்கிறேனா?”

ஆமாம் என்பதுதான் பதில். தினமும் அதை மூடி மறைப்பதே அவள் வேலை. “இல்லண்ணா” என்றாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவரு ஏதோ சொல்றாரு.”

“சரியாத்தான் இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு.”

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. “மத்தியானம் வரேன். என் சாமானை எடுக்கவாவது வரணுமில்ல” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். அவள் கையிலிருந்த விரிப்பு உருளையில் சுருங்கி மடங்கிக்கொள்ள, கூட வேலை செய்தவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மத்தியானம் குளிர்கிடங்குக்குப் போனபோது புது டிரம்மர் ஏற்கெனவே வந்து சோபாவில் கால்மேல் கால் போட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஊரில் பாதிப் பாட்டு அவர் கை பட்டதுதான். பெரியவன் தன் டிரம்ஸின் பின்னால், கழற்றவும் இல்லாமல் வாசிக்கவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். மீன் வாடை குமட்டியது.

“எதுக்கு மாத்தறோம்னு எல்லாருக்கும் தெரியட்டுமே சார்” என்றான் சின்னவன். அவனுக்கு அண்ணனை மாற்றினால் மட்டும் போதாது, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கவும் வேண்டும். “அந்த அப்பா பாட்டைப் போடுங்க. அக்கா வாசிக்கிறதை நிறுத்திட்டுப் போடுங்க. அவங்கதான் இத்தனை நாளா இவன் லட்சணத்தை மூடி மறைக்கிறாங்க. அது இல்லாம கேட்டாத் தெரியும்.”

அவளுக்குத் திக்கென்றது. இவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார், கம்பெனிக்காரரைப் பார்த்தார், அப்புறம் பாஸ் வருகிற வழியை மூடிவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்.

மானம் போகப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன் மானம் போகும் என்று தம்பி. மூன்று பேர் மானமும் போகும் என்று இவள்.

கிட்டார் எதையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் போலப் புறப்பட்டது. டிரம்ஸ் பின்னாலேயே வந்தது. அவசரப்படவில்லை. எங்கே ஓடிவிடப்போகிறாய் என்று ஒவ்வோர் அடியையும் ஊன்றி ஊன்றி வந்தது. கிட்டார் விலகியது, டிரம்ஸ் விடவில்லை. இதோ அறுந்துவிடும், இதோ அறுந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டியது. அறுந்துபோகவில்லை. நடுவில் சின்னவன் குரல், தன்னைப் பிடிக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தவன் குரல். இத்தனை நாள் இதே குரலைக் கேட்டும் அதில் பயம் இருப்பதே அவளுக்குத் தெரிந்ததில்லை.

புது டிரம்மர் கடலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

பாட்டு முடிந்தது. “இதை யாரு வாசிச்சது?” என்றார் கம்பெனிக்காரர்.

“இவங்கதான். நேத்து நீங்க கேட்டதேதான்” என்றார் கண்ணாடிக்காரர். ஒரு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு.

“பாஸைச் சேத்துப் போடுங்க.”

போட்டார். இரண்டு பேரும் தலை சீவிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வந்து நின்றார்கள்.

“எடுங்க.”

எடுத்தார். மறுபடி ஒருவன் ஓடினான், ஒருவன் துரத்தினான்.

“போடுங்க. எடுங்க. மறுபடி போடுங்க.”

ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. இதுதானா நான் செய்துகொண்டிருந்தது? இத்தனை வருடமாக இரண்டு ஆல்பத்தையும் கொன்றது அண்ணனின் பிந்தலும் இல்லை, தம்பியின் முந்தலும் இல்லை. நான்தான். நன்றாக இருக்கட்டும் என்று செய்து செய்து நாசமாக்கினவள் நான்தான்.

“இந்தம்மா ரெண்டு பேருக்கும் சமாதானம் பண்ணி வெச்சிருக்காங்க” என்றார் கம்பெனிக்காரர், குரலில் கோபம்கூட இல்லாமல். “சமாதானத்தை யாரு கேட்டா? டிரம்மர் இருக்கட்டும். பாஸ் வேண்டாம்.”

புது டிரம்மர் கடலைத் தோலைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார். “இதுல எனக்கு வேலை இல்ல சார். இது வேற சமாச்சாரம்” என்று சொல்லி, பெரியவனைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு வெளியேறினார். கனத்த கதவு அவர் பின்னால் மூடிக்கொண்டது.

பெரியவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“பாப்பா, அவன்கிட்ட கேளு. நீ இல்லாம வாசிக்க அவனுக்குச் சம்மதமான்னு.”

“சொல்லுக்கா அவன்கிட்ட” என்றான் சின்னவன். “கம்பெனி சொன்னா கேக்க வேண்டியதுதான்னு.”

இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை வெளியே தள்ளுகிற பேச்சையும் அவளே சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அதையும் நல்லவிதமாக. அதில் ஏதாவது தப்பு இருப்பதாக இரண்டு மூஞ்சியிலும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று.

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

“என்னது?”

“இனிமே யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் சொல்லாம விட்டதை வேணா இப்ப சொல்றேன், கேட்டுக்கோ.” தம்பி பக்கம் திரும்பினாள். “இவன் உன்னை நாய்னுதான் கூப்பிடறான். தினமும். அண்ணன் சொல்லுதுன்னு நான் வந்து சொன்னதுல ஒண்ணுகூட அவன் சொன்னதில்ல. உன் கை ஒடியணும்னான். உன் பேரை எங்கப்பன் பேரோட சேத்துச் சொல்லாதேன்னான்.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “உன்னை இவன் பொணம்ங்கறான். அப்பா செத்ததை வெச்சு நீ வீட்டுல ராஜாவாட்டம் நடந்துக்கறியாம். அப்பா இருந்தப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்காதவனுக்கு இப்ப என்ன கண்ணீர்னு கேட்டான். கேட்டது போன வருஷம். நான்தான் உனக்குச் சளி பிடிச்சிருக்கான்னு விசாரிக்கிறான்னு சொன்னேன்.”

பெரியவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. தங்கையைத் தாண்டி, அப்பா போன நாளிலிருந்து முதல் தடவையாக, தம்பியை நேராகப் பார்த்தான்.

“ஏன்டா மறைச்ச?” என்றான்.

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு ஆள் இல்லை.

“சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப” என்றான். “எனக்கு நிறுத்த வேணாம். நிறுத்தினா நிஜமாயிடும்டா. அதான். போதுமா?”

“போதாது.”

“அப்ப அடி.”

அடிக்கவில்லை. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கம்பெனிக்காரர் நைசாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

“எனக்கும் அவர்தான் அப்பா” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “இவன் மறைச்சான், நீ கோவிச்சுக்கிட்ட. ரெண்டு பேருமா எனக்கு வேலை குடுத்துட்டீங்க. ஒரு நாளாவது என்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

பாஸைத் தூக்கி மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் பார்த்து, “பதிவு பண்ணுங்க” என்றாள்.

அப்பா பாட்டைக் கிட்டார்தான் தொடங்கும். அன்றைக்கு அவள் தொடங்கினாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாருக்கும் ஒத்தாசை செய்யவும் இல்லை. தம்பி முந்தினானா, முந்தட்டும். அண்ணன் பிந்தினானா, பிந்தட்டும். அவளுக்கு எங்கே வைக்கத் தோன்றியதோ அங்கே வைத்தாள். வைக்கத் தோன்றாத இடத்தில் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். அந்தப் பள்ளத்தில் தம்பி குரல் தடுக்கி விழுந்து எழுந்தது. அண்ணனின் அடி ஆளில்லாத இடத்தில் இறங்கி அதிர்ந்தது. இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. கடைசியில் சின்னவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் அப்பா என்ற ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டிருக்க, பெரியவன் அவனை விடுவதாக இல்லை, இவள் இரண்டு பேரையும் விடுவதாக இல்லை.

முடிந்தபோது அவள் விரல் நுனி பிய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் கட்டை விரலைத் தூக்கவுமில்லை, கவிழ்க்கவுமில்லை. கையை மேஜைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மத்ததையெல்லாம் அழிச்சுடுங்க. முதல்லேர்ந்து வாசிக்கிறோம்” என்றாள் அவள். பாஸ் வேண்டாம் என்று மறுபடி சொல்லக் கம்பெனிக்காரருக்கு வாய் வரவில்லை.

ஆல்பம் வந்தது. கடைசிப் பாட்டுத்தான் முதலில் பிடித்தது, பிறகு மொத்தமும் பிடித்தது. டயர்க் கடையில் வண்டியை நிறுத்தியவர்கள் பெரியவன் கையைப் பிடித்துக் குலுக்கி, கரியைத் துடைக்க வழி தெரியாமல் விழித்தார்கள். சலவைக் கூடத்தில் உருளைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு ரேடியோ அலறியது. ஓர் அறிவிப்பாளர், கூடப் பிறந்தவர்களின் ஒற்றுமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று உருகினார்.

“பாத்தியா, ஒத்துமைன்னு சொல்றாங்க” என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது.

வீட்டில் மட்டும் மயான அமைதி. வாசிக்கிற இடத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டவர்கள் வீட்டுப்படி ஏறியதும் பழையபடி ஊமையாகிவிட்டார்கள். தூது போக ஆளில்லை. குளியலறைக் கதவைத் தட்டுவதற்குப் பதில் பெரியவன் குளிக்காமலே கடைக்குப் போனான். சின்னவன் உப்புக் கேட்க மாட்டாமல் முட்டையைச் சப்பென்று தின்றான்.

வெளியூர்களில் வாசிக்கக் கிளம்ப வேண்டிய அன்று காலையிலும் மழைதான். வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. குளியலறைக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பெரியவன் தோளில் துண்டோடு அடுப்படியில் நின்றான். அவள் அப்போதுதான் டீயை வடிகட்டி எடுத்து உட்கார்ந்தாள்.

“பாப்பா” என்றான். “அந்த நாய்கிட்ட…”

அவள் டம்ளரைத் தூக்கினாள்.

“ஏன்டி, நல்லவிதமா ஒரு வார்த்தை சொல்லேன். வண்டி நிக்குதுல்ல” என்றாள் அம்மா, மெஷினை நிறுத்தி.

“டீ குடிக்கிறேம்மா.”

ஹாரன் மறுபடி அடித்தது. பெரியவன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், நடையைப் பார்த்தான். அப்புறம் துண்டை இறுக்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவை ஓர் உதை உதைத்தான்.

“டேய் நாயே, வெளிய வாடா. வண்டி வந்து நிக்குது.”

உள்ளே தண்ணீர் நின்றது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“வரேன்டா பொணமே. நில்லு.”

இவள் ஒருத்தி நடுவில் இல்லாவிட்டால் ஒருவரையொருவர் கொன்றுபோடுவார்கள் என்றல்லவா இத்தனை வருடம் இருந்தாள். கொல்லவில்லை. கதவு திறந்தது, ஒருவன் வந்தான், ஒருவன் போனான், வழியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அழுகை வரும் போலிருந்தது. அழவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள். நாக்கு சுட்டது. எடுக்காமல் முழுதும் குடித்தாள்.